புகைப்பவன் மந்தனா?

"பீடி பிடிக்கிற பையனுக்குப் படிப்பு ஏறாது" என்பது நம் பள்ளிகளின் ஆசிரியர் அறைகளில் நெடுங்காலமாக வழங்கி வரும் தீர்ப்பு. இப்போது அத்தீர்ப்புக்கு அறிவியலின் முத்திரையும் கிடைத்துவிட்டது எனச் சிலர் நிறைவு கொள்கின்றனர். புகைப்போரின் நுண்ணறிவு ஈவு புகைக்காதோரினும் குறைவு என்பதை மேல்நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே மந்தனே புகைக்கிறான், அல்லது புகைத்து மந்தனாகிறான். இரண்டில் எது உண்மையாயினும் அவனை வகுப்பில் வைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. மாற்றுச் சான்றிதழை எழுதிக் கையில் கொடுத்துவிடலாம். இப்படி ஓடுகிறது வாதம். இதன் முதல் வாக்கியத்தில் உண்மை இருக்கிறது. மற்றவற்றில் உண்மையும் இல்லை, நீதியும் இல்லை என்பது நம் துணிபு.

முதல் வாக்கியத்தை நாம் மறுக்கவில்லை. இஸ்ரயேல் நாட்டில் கட்டாய இராணுவப் பணிக்கு அழைக்கப்படும் இளைஞருக்கு அறிவுத்திறன் தேர்வு வைக்கும் வழக்கம் உண்டு. அவ்வாறு தேர்வெழுதிய 18 வயது ஆண்கள் 20,211 பேரின் பதிவுகளை மார்க் வைசர் என்னும் மனநல மருத்துவரும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டனர். புகைக்காதோரின் சராசரி ஈவு 101; புகைப்போரின் சராசரி 94; நாளொன்றுக்கு ஒரு பாக்கெட்டுக்கு மேல் ஊதித் தள்ளியோருக்கு ஏறத்தாழ 90. ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பியருள் ஒருவன் புகைத்து மற்றவன் புகைக்காதிருந்தபோதும், புகைக்காதவனே சராசரியில் மேலே நின்றான். ஆகவே குடும்ப வறுமை ஒன்றையே காரணங்காட்டி இதைத் தள்ளிவிடவும் இயலாது.

ஆனால் அதே ஆய்வு சொல்லும் இன்னொரு செய்தியை நம் நண்பர்கள் வாசிக்காமலே புத்தகத்தை மூடிவிடுகின்றனர். தேர்வெழுதிய நாளில் புகைக்காதிருந்து, பின்னர் இராணுவப் பணிக்காலத்தில் அப்பழக்கத்திற்கு ஆளானவர்களும், புகையையே தொடாதவர்களைவிடச் சற்றுக் குறைந்த மதிப்பெண்களையே பெற்றிருந்தனர். இன்னும் உதட்டில் வைக்காத சிகரெட்டு எவ்வாறு மூளையைக் கெடுத்திருக்கக்கூடும்? அந்த ஏழு புள்ளி இடைவெளி முழுவதையும் புகையின் தலையில் கட்டுவது பிழை என்பது இதிலிருந்தே விளங்கும்.

"அப்படியாயின் மந்தர்களே புகையை நாடிச் செல்கிறார்கள் என்றுதானே ஆகிறது?" எனக் கேட்பர். இக்கேள்விக்கு விடை ஸ்காட்லாந்தில் கிடைக்கிறது. நாம் அறிந்தவரை, இப்பொருளில் இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

1932ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள். 1921இல் பிறந்து அன்று ஸ்காட்லாந்தின் பள்ளிகளில் இருந்த பிள்ளைகளை ஒரே நாளில் உட்காரவைத்து ஒரே தேர்வை எழுதச் செய்தனர். 87,498 பிள்ளைகள் எழுதினர். ஒரு நாடு தன் பிள்ளைகளின் ஒரு வயதுத் தொகுதியை முழுமையாக இவ்வாறு அளந்தது அரிதினும் அரிது. அந்தப் பேரேடுகள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்தன. பின்னர் இயன் டியரி, லாரன்ஸ் வாலி முதலிய அறிஞர் அவற்றைத் தூசி தட்டி எடுத்தனர். 1970களில் ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியில் நடைபெற்ற உடல்நல ஆய்வொன்றில் பங்கேற்ற நடுவயதினரின் பெயர்களை அப்பேரேடுகளோடு ஒப்பிட்டனர். பதினோரு வயதில் கெட்டிக்காரராக இருந்தவர் யார், இல்லாதவர் யார், பின்னாளில் புகைத்தவர் யார், விட்டவர் யார் என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் வந்து நின்றன. 2003லும் 2005லும் வெளிவந்த முடிவு இது: புகைக்கத் தொடங்கியதற்கும் பதினோரு வயது அறிவுத்திறனுக்கும் தொடர்பு காணப்படவில்லை. கெட்டிக்காரனும் தொடங்கினான், பின்வரிசைப் பையனும் தொடங்கினான். ஆனால் பின்னாளில் பழக்கத்தைக் கைவிட்டவர்களுள் கெட்டிக்காரர்களே மிகுதி.

ஏன் இப்படி? அவர்கள் பழகிய 1930களில் புகையின் கேடு ஊருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் பிரிட்டனின் ஆண்களுள் ஐவரில் நால்வர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். மருத்துவர் ஊதினார், பேராசிரியர் ஊதினார், சுமைதூக்குபவரும் ஊதினார். 1950 செப்டம்பரில் ரிச்சர்டு டாலும் ஆஸ்டின் பிராட்போர்டு ஹில்லும் நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள உறவை வெளியிட்டனர். ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே டால் தம் பழக்கத்தை விட்டுவிட்டார். தாம் எண்ணிய எண்களைத் தாமே நம்பிய மனிதர்! 1951இல் அவர்கள் பிரிட்டிஷ் மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதித் தொடங்கிய நெடிய ஆய்வு, அம்மருத்துவர்களையே பழக்கத்தை விடச் செய்தது. 1962இல் இலண்டனின் அரச மருத்துவர் கல்லூரியின் அறிக்கையும், 1964 ஜனவரியில் அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலர் லூதர் டெரியின் அறிக்கையும் வந்தன. அன்று முதல் படித்தவன் வேறு பாதையில் நடந்தான். படிக்காதவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

ஆக, உண்மை முதலில் யாருடைய வாசலுக்குப் போனதோ அவர்கள் பிழைத்துக்கொண்டனர். இதை மந்தபுத்தி என்று பெயரிடுவது, மணியோசை கேட்காத தொலைவில் குடியிருப்பவனைப் பூசைக்கு வராத குற்றவாளி என்று பழிப்பது போன்றது.

அமெரிக்காவின் 2019ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்றையும் இங்கே வைக்க வேண்டும். முதுகலை, முனைவர் போன்ற உயர்பட்டம் பெற்றோரில் புகைப்போர் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேர். உயர்நிலைப் பள்ளியை முறையாக முடித்தோரில் ஏறத்தாழ 20 பேர். பள்ளியை இடையில் விட்டுப் பின்னர் தனித்தேர்வு எழுதிச் சமநிலைச் சான்றிதழ் பெற்றோரில் ஏறத்தாழ 35 பேர். இந்த மூன்றாவது எண்தான் நம் வாதத்தின் உயிர்நாடி. தேர்வில் தேறியவர்கள் இவர்கள். சான்றிதழ் பெறாமலே நின்றுவிட்டவர்களைக் காட்டிலும் இவர்களே மிகுதியாகப் புகைக்கின்றனர். 2000ஆம் ஆண்டில் பொருளியல் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன், இவர்கள் மதிநுட்பத்தில் பள்ளியை முறையாக முடித்து மேற்கல்விக்குச் செல்லாத மாணவரினும் குறைந்தவர் அல்லர் எனக் காட்டியிருக்கிறார். அவர்களிடம் குறைந்திருப்பவை பொறுமை, ஒழுங்கு, எடுத்த செயலில் நிலைத்து நிற்றல் ஆகியவையே என்பது அவர் கணிப்பு. இக்குணங்கள் கருவிலேயே அமைந்து விடுபவையா? பள்ளி என்ற ஒன்று இருப்பதே இவற்றை வளர்க்கத்தானே! இவற்றில் குறைவுபட்ட பிள்ளையைப் பள்ளியிலிருந்து அப்புறப்படுத்துவது, காய்ச்சல்காரனை மருத்துவமனையிலிருந்து விரட்டுவதற்குச் சமம்.

அறிவாளி புகைக்க மாட்டான் என்று எண்ணுவோர்க்கு ரொனால்டு ஃபிஷரை நினைவூட்டலாம். புள்ளியியல் துறையின் பிதாமகர். கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்திற்குப் பன்முறை வந்து சென்றவர். வாயில் பைப்போடு வாழ்ந்த அவர், 1957லும் 1958லும் டால்-ஹில் முடிவுகளைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. இரண்டுக்கும் பொதுவான பிறவிக்கூறு ஒன்று இருக்கலாம் என்றார். புகையிலை உற்பத்தியாளர் குழுவிடம் ஆலோசகராகவும் இருந்தார். புற்றுநோயைப் பொறுத்தவரை அவர் பெரும்பிழை செய்தார் என்பது ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டுவிட்டது. ஆனால் அவர் தவறான இடத்தில் சொன்ன அந்த எச்சரிக்கை, நாம் இப்போது பேசும் இடத்திற்கு மிகவும் பொருந்துகிறது! நம் காலத்தின் ஆகச் சிறந்த மூளைகளுள் ஒன்று, தன் கையிலிருந்த பைப்பை நியாயப்படுத்த எவ்வளவு உழைத்தது என்பதையும் நம் ஆசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

எதிர்ப்பக்கத்தில் வேறொரு மாயை. சிகரெட்டு மூளையைக் கூர்மையாக்குகிறது என்பது கல்லூரி விடுதிகளின் நம்பிக்கை. எழுத்தாளனின் படத்தில் விரலிடுக்கில் புகையும் துண்டு இல்லாவிட்டால் அவன் சிந்திப்பதாகவே தோன்றாத ஒரு காலமும் நம் இலக்கிய உலகில் இருந்தது. உறிஞ்சிய சில வினாடிகளில் நிக்கோட்டின் மூளையை எட்டுகிறது, கவனத்தைச் சிறிது நேரம் தூண்டுகிறது, உண்மை. ஆனால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடுகிறது. பழகிய உடல் அதற்குள் அடுத்ததைக் கேட்கிறது. கிடைக்காவிடில் எரிச்சல், சிதறும் மனம். மறுபடி ஒன்றைப் பற்றவைத்ததும் வரும் 'தெளிவு' பெரும்பாலும் அந்தத் தவிப்பு தணிந்த தெளிவேயன்றிப் புதிதாக வந்த அறிவு அன்று. கடன் வாங்கிய பணத்தில் வட்டி கட்டிவிட்டு வருமானம் என்று மகிழ்பவனின் நிலை இது. தேர்வு மூன்று மணி நேரம். நிக்கோட்டினின் பொறுமை இரண்டு மணி நேரம். கடைசி வினாவை எந்த மனத்தோடு எழுதுவான் என்பதை அம்மாணவனே கணக்கிட்டுக் கொள்ளட்டும். அதனினும் பெரிது, திட்டமிடவும் தன்னை அடக்கவும் உதவும் மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருப்பது. வளரும் கட்டடத்தில் வைக்கும் தீ, கட்டி முடித்த கட்டடத்தில் வைக்கும் தீயைப் போன்றதன்று.

நெடுங்காலம் புகைத்தால் அறிவு தேயும் என்பதிலும் நமக்கு மாறுபாடு இல்லை. இலண்டன் அரசுப் பணியாளர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட முடிவின்படி, புகைக்கும் ஆண்களுக்கு நடுவயதிலிருந்தே நினைவும் சிந்தனையும் விரைவாகத் தளர்ந்தன. பெண்களிடம் அவ்வாறு காணப்படவில்லை. விட்டுப் பத்தாண்டுகளைக் கடந்த ஆண்களிடமும் அந்த விரைவு இல்லை. புகைக்காத பிள்ளைக்கும் தப்பில்லை. அமெரிக்காவில் 6 முதல் 16 வயது வரையுள்ள 4,399 பிள்ளைகளின் இரத்தத்தில் பிறர் விட்ட புகையின் தடயத்தை அளந்து 2005இல் வெளியிட்டனர். தடயம் கூடக்கூட வாசிப்பிலும் கணக்கிலும் மதிப்பெண் குறைந்திருந்தது. தந்தை திண்ணையில் ஊத, மகள் வாய்ப்பாட்டைத் தவறவிடுகிறாள்.

நம் நாட்டில் இன்னும் நேரடியான ஒரு வழியும் உண்டு. அது மூளையினூடே செல்வதன்று. சட்டைப் பையினூடே செல்வது. இந்தியக் குடும்பங்களின் செலவுக் கணக்குகளை ஆராய்ந்த ரிஜோ ஜான் என்னும் பொருளியலாளர், புகையிலைக்குச் செலவிடும் வீடுகளில் பாலுக்கும் கல்விக்கும் ஒதுக்கப்படும் பங்கு சுருங்குவதை 2008இல் எடுத்துக்காட்டினார். தந்தை உயிரோடு இருக்கும்வரை இந்தக் கதை. அவர் போய்விட்டால்? சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் பழக்கத்தை உயிரோடிருந்த 35,000 ஆண்களின் பழக்கத்தோடு ஒப்பிட்டு, சென்னையைச் சேர்ந்த வெ. கஜலட்சுமியும் ரிச்சர்டு பீட்டோ முதலியோரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, புகைப்பவர் காசநோயால் மடியும் வாய்ப்பு புகைக்காதவரைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு எனக் கண்டது. நாற்பது வயதில் காசநோய்க்குத் தந்தையைப் பறிகொடுத்த பையன் ஒன்பதாம் வகுப்போடு வேலைக்குப் போகிறான். அங்கே, உழைப்பின் இடைவேளையில், யாரோ ஒருவர் அவனுக்கும் ஒரு பீடியை நீட்டுகிறார். பின்பு நாம் வந்து அவனது அறிவுத்திறனை அளக்கிறோம்!

திருச்சபைக்கு இப்பொருளில் நீண்ட, சற்றே நகைப்புக்கிடமான வரலாறும் இருக்கிறது. 1642இல் எட்டாம் உர்பான், செவில்லா மறைமாவட்ட ஆலயங்களில் புகையிலை பயன்படுத்துவோரைச் சபைநீக்கம் செய்வதாக ஆணையிட்டார். 1650இல் பத்தாம் இன்னொசென்ட் தூய பேதுரு பேராலயத்திற்கு அதே தடையை விதித்தார். 1725இல் பதின்மூன்றாம் ஆசீர்வாதப்பர் தடையை நீக்கினார். அவருக்கு மூக்குப்பொடியில் விருப்பம் என்பர். 1863இல் ஒன்பதாம் பத்திநாதர் உரோமையில் புகையிலை ஆலையொன்றையே எழுப்பினார். 1992இன் மறைக்கல்வி நூல் 2290ஆம் எண்ணில் புகையிலையின் மிகைப் பயன்பாட்டை உணவு, மது ஆகியவற்றின் மிகையோடு சேர்த்து மட்டுப்பாட்டின்கீழ் வைத்தது. 2017 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ், அடுத்த ஆண்டிலிருந்து வத்திக்கானில் சிகரெட்டு விற்பனை இல்லை என்று அறிவித்தார்; அதில் வந்த வருமானத்தைத் துறந்தார். உர்பானின் சபைநீக்கம் புகைப்பவனை வெளியே தள்ளிற்று. பிரான்சிசின் ஆணை விற்பனையை வெளியே தள்ளிற்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம் பள்ளித் தாளாளர்கள் கருதிப் பார்ப்பார்களாக.

ஏனெனில் நம் பள்ளிகள் சிலவற்றில் இன்னும் உர்பானின் ஆட்சியே நடக்கிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவனின் சட்டையில் நெடி வீசுகிறது, பையில் தீப்பெட்டி அகப்படுகிறது, தந்தை வரவழைக்கப்படுகிறார், அவரது சட்டையிலும் அதே நெடி. மூன்றாம் நாள் மாற்றுச் சான்றிதழ். 'மற்றப் பிள்ளைகள் கெட்டுவிடக் கூடாதே' என்பது காரணம். தேர்ச்சி விழுக்காடு குறைந்துவிடக் கூடாதே என்பது சொல்லப்படாத காரணம். அவன் பத்தாம் வகுப்பை எட்டுவதில்லை. பத்தாண்டுகளுக்குப் பின் ஓர் ஆய்வாளர் வந்து கணக்கெடுத்தால், புகைப்போர் பட்டியலிலும் பள்ளிப்படிப்பை முடிக்காதோர் பட்டியலிலும் அவன் பெயர் இருக்கும். புகைக்கும் கல்விக் குறைவுக்கும் உறவு உண்டு என்று அவர் எழுதுவார். அந்த உறவை உண்டாக்கியது புகையன்று, தலைமையாசிரியரின் கையொப்பம். தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன ஆயனைப் பற்றி ஞாயிறுதோறும் பிரசங்கிக்கும் நாம், திங்கட்கிழமை அந்த ஒன்றை வேலிக்கு வெளியே விட்டுத் தொண்ணூற்றொன்பதின் தேர்ச்சி விழுக்காட்டை அறிவிப்புப் பலகையில் எழுதுகிறோம்.

கண்டிக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. கண்டிப்பு வேறு, கழித்துக்கட்டுதல் வேறு. ஸ்காட்லாந்தின் பேரேடுகள் காட்டுவது, உண்மையை அறிந்து, அதைப் பற்றிக்கொள்ளும் வலுவும் வாய்க்கப்பெற்றவன் பழக்கத்தை விடுகிறான் என்பதையே. அந்த வலுவைத் தரக்கூடிய இடம் ஏழைப் பிள்ளைக்குப் பள்ளியைத் தவிர வேறு எங்கே இருக்கிறது?

இன்னொரு முனையும் உண்டு. அதைப் பேசத் தயங்குவோர் பலர். 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' எனப் பாளையங்கோட்டையைப் போற்றுகிறோம். 1923இல் இயேசு சபையார் தூய சவேரியார் கல்லூரியைத் தொடங்கிய ஊர் அது. அதை அடுத்த மேலப்பாளையத்திலும், மேற்கே முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம் வட்டாரங்களிலும் சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்கள் இலட்சக்கணக்கானோர். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடி சுற்றுவதில் சிறுவரை ஈடுபடுத்தலாகாது என்றது. ஆனால் குடும்பத்தார் தாமே நடத்தும் பணியிடத்திற்கு விலக்கு அளித்தது. வீட்டுத் திண்ணையே பணியிடமாக இருக்கும் தொழிலில் அந்த விலக்கு என்ன பொருள் தந்திருக்கும்? அம்மாவின் ஆயிரம் எண்ணிக்கை நிறைய மகள் பள்ளிவிட்டு வந்து நூல் கட்டினாள். அதே வேளையில், அந்தக் கூலிதான் அவளுக்குப் புத்தகமும் சீருடையும் வாங்கிற்று. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பீடித் தொழிலாளர் நலநிதி, பீடிக்கு விதித்த வரியிலிருந்தே அவள் போன்ற பிள்ளைகளுக்கு உதவித்தொகை தந்தது. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது அந்தத் தனிவரி மறைந்தது. படித்தவன் கைவிட்ட புகையைப் படிக்காதவன் ஊத, அந்தக் காசில் ஒரு பெண் கல்லூரிப் படி ஏறினாள். பீடி ஒழிக என்று மேடையில் முழங்குவோர், அந்தச் சுளகுக்கு மாற்றாக அத்தாயின் மடியில் எதை வைக்கப்போகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். மாற்றுத் தொழில் பற்றிய பேச்சு மேடைகளில் உண்டு. அதற்கு வங்கிக் கடனும் சந்தையும் தேடித் தரும் பொறுப்பில் மறைமாவட்டச் சமூகப்பணி மையங்களுக்கும் பங்கு உண்டு.

மாணவனுக்குப் புகை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், நம் விரல் சுட்டவேண்டிய இடம் வெகு தொலைவில் இல்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் கல்வி நிறுவனத்திலிருந்து நூறு கெஜத்திற்குள் புகையிலைப் பொருள் விற்பதைத் தடை செய்கிறது. 18 வயது நிரம்பாதவர்க்கு விற்பதையும் தடுக்கிறது. 2015ஆம் ஆண்டு இளையோர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, சிறுவர்க்குப் புகையிலை கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்க இடமளிக்கிறது. 2016 முதல் பாக்கெட்டின் 85 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. ஆனால் நம் பையன் பாக்கெட்டு வாங்குவதில்லை. பெட்டிக்கடையில் ஒற்றைச் சிகரெட்டு வாங்குகிறான். கட்டிலிருந்து உருவிய ஒற்றைப் பீடி வாங்குகிறான். எச்சரிக்கைப் படம் கடைக்காரரின் பக்கமே தங்கிவிடுகிறது.

அந்தப் பெட்டிக்கடை யாருடைய சுவரை ஒட்டி நிற்கிறது? எத்தனை பங்குகளில் ஆலயத்திற்கோ பள்ளிக்கோ சொந்தமான கடைவரிசை வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது? அவற்றுள் எத்தனை கடைகளின் முன்னே, பற்றவைத்துக்கொள்வதற்கென்று கயிற்றின் நுனியில் நெருப்பு கனன்றுகொண்டிருக்கிறது? மாதம் பிறந்ததும் வாடகையைப் பெற்றுப் பங்குப்பேரவை இரசீது கொடுக்கிறது. அடுத்த மார்ச்சில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது, இக்கடையில் புகையிலைப் பொருள் விற்கலாகாது என்று ஒரு வரியைச் சேர்க்க எத்தனை நிமிடம் ஆகும்?